இரண்டு தீவு விமான நிலையங்கள்: வான்தூரம், பறக்கும் நேரம், பயண நேரம்

தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே செயின்ட் ஹெலினா, அசென்ஷன் என்று இரண்டு எரிமலைத் தீவுகள் இருக்கின்றன. இரண்டும் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஒன்றைச் சேர்ந்தவை. ஒரே ஆளுநரின் கீழ் வருபவை. இரண்டிலும் தலா ஒரு விமான நிலையம் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் சுமார் 1,300 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் சுமார் 2 மணி என்றும் பதில் கிடைக்கும். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான வான்தூரத்தைவிட இது கொஞ்சம் குறைவு.

அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட முடியாது. பெரிய நகரங்களுக்கு நடுவே பறக்கும்போது தூரத்தை வைத்து நேரத்தையும், நேரத்தை வைத்து நாளையும் முடிவு செய்துவிடலாம். தொலைதூர நிலையங்களில் அந்த வரிசை செல்லாது. அங்கே நாளை முடிவு செய்பவை விமானம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, இறங்க முடியாவிட்டால் எங்கே திரும்பும், ஓடுதளம் எந்த நிலையில் இருக்கிறது என்பவைதாம். இந்த அத்தியாயத்தில் முதலில் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடக் கற்றுக்கொள்வோம். பிறகு, அந்தக் கணக்குக்குள் வராத விஷயங்களுக்குப் போவோம். பயணியின் பணமும் விடுமுறையும் வீணாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பகுதியில்தான்.

தூரத்தைக் கையால் கணக்கிடுவது

தேவைப்படுபவை இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் ஒரு சாதாரண கால்குலேட்டரும். செயின்ட் ஹெலினா விமான நிலையம் தெற்கு அட்சம் 15.96 பாகை, மேற்குத் தீர்க்கம் 5.65 பாகையில் இருக்கிறது. அசென்ஷனின் வைட்அவேக் தளம் தெற்கு 7.97, மேற்கு 14.39.

அட்சங்களின் வித்தியாசம் 7.99 பாகை. தீர்க்கங்களின் வித்தியாசம் 8.74 பாகை. அட்சத்தில் ஒரு பாகை என்பது பூமியில் எங்கு அளந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கத்தில் அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் அதுவும் 111 கிலோமீட்டர்தான். துருவத்தை நோக்கிப் போகப்போகக் குறுகி, துருவத்தில் ஒன்றுமில்லாமல் போகும். ஆகவே தீர்க்க வித்தியாசத்தை இரண்டு இடங்களின் சராசரி அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். இங்கே சராசரி அட்சம் சுமார் 12 பாகை, அதன் கொசைன் 0.978. பெருக்கினால் 8.55.

இனிப் பள்ளிக்கூடத்துப் பித்தாகரஸ் தேற்றம் போதும். 7.99-இன் வர்க்கத்தையும் 8.55-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 11.7 பாகை. அதை 111.2-ஆல் பெருக்கினால் 1,301 கிலோமீட்டர். கோள முக்கோணவியலின் முழுச் சூத்திரத்தைப் போட்டாலும் விடை இதேதான்.

விமானிகளும் மாலுமிகளும் இதே 11.7 பாகையை 60-ஆல் பெருக்கி 702 கடல் மைல் என்பார்கள். அட்சத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். வேகத்தை மணிக்கு இத்தனை கடல் மைல், அதாவது இத்தனை நாட் என்று சொல்வதும் அதனால்தான். தீவுப் பயணங்களைப் பற்றிப் படிக்கும்போது சாதாரண மைலும் கடல் மைலும் கலந்து வரும். இரண்டுக்கும் ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசம் இருப்பதால், எந்த மைல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தட்டைக் கணக்கு 2,000 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரங்களுக்கும், நிலநடுக்கோட்டிலிருந்து அதிகம் விலகாத இடங்களுக்கும் நம்பகமானது. அதற்கு மேல் போனால் பெருவட்டக் கணக்கு வேண்டும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, சுவர் வரைபடத்தில் பார்த்தால் வில்லாக வளைந்து தெரியும். வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பவர்கள் நீண்ட தூரங்களில் ஏமாறுவது இதனால்தான். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். வழி எந்தக் கடலின் மேல் போகிறது என்பது உடனே புலப்படும்.

தூரத்திலிருந்து நேரத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் இந்தத் தீவுகளுக்கு எம்ப்ராயர் 190 வகை ஜெட் விமானத்தை இயக்கிவருகிறது. உயரத்தில் நிலையாகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர். 1,300-ஐ 830-ஆல் வகுத்தால் ஒரு மணி 34 நிமிடம். புறப்பட்டு மேலேறும்போதும், இறங்குமுன் தணியும்போதும் வேகம் குறைவு. ஓடுதளத்துக்கு உருண்டு போகும் நேரமும் உண்டு. இதற்கெல்லாம் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணிக்குச் சற்றே மேல். இதுதான் அட்டவணைகளில் வரும் நேரம். சக்கரம் நகர்ந்ததிலிருந்து சக்கரம் நிற்கும்வரை. வானில் இருக்கும் நேரம் அதைவிடக் குறைவு.

ஜெட் விமானமானால் அரை மணி, உந்துசுழலி பொருத்திய சிறிய விமானமானால் கால் மணி என்று சேர்த்துக்கொள்வது பெரும்பாலான இடங்களில் ஒத்துவரும். மிகக் குறுகிய தூரங்களில் மட்டும் எந்தச் சூத்திரமும் நிற்காது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே 2.7 கிலோமீட்டர்தான். அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று சாதகமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் பறந்து முடித்திருக்கிறார்கள்.

காற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நேரம் தவறும். விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது. நாம் கடக்கும் தூரம் தரையைப் பொறுத்தது. சிலியின் தலைநகர் சான்டியாகோவிலிருந்து பசிபிக்கின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவுக்குச் சுமார் 3,750 கிலோமீட்டர். மேற்கு நோக்கிப் போகும்போது ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் ஆகும். திரும்பிவரும்போது ஐந்து மணிக்கும் குறைவு. அதே தூரம், அதே விமானம். அந்த அட்சங்களில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று போகும்போது எதிர்த்தும் வரும்போது தள்ளியும் நிற்கிறது. செயின்ட் ஹெலினாவும் அசென்ஷனும் வெப்ப மண்டலத்தில் இருப்பதால் உயரத்துக் காற்று அங்கே அவ்வளவு பலமாக இருப்பதில்லை. போகவர நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே காற்றின் தொல்லை தரைக்கு அருகில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திரும்பி வரவும் எரிபொருள்

தொலைதூர நிலையங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்றுகூடச் சொல்வேன். கொல்கத்தாவில் மூடுபனி என்றால் விமானம் புவனேசுவரத்துக்கோ வேறோர் ஊருக்கோ போய் இறங்கும். செயின்ட் ஹெலினாவில் இறங்க முடியவில்லை என்றால்? ஆப்பிரிக்கக் கரை சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அசென்ஷன் 1,300 கிலோமீட்டர். இடையில் வேறு ஓடுதளம் கிடையாது. அசென்ஷனிலிருந்து ஆப்பிரிக்கக் கரை சுமார் 1,600 கிலோமீட்டர், தென் அமெரிக்கக் கரை சுமார் 2,300.

விமானம் எப்போதும் தன் இலக்கை அடையவும், அங்கே முடியாவிட்டால் மாற்று நிலையத்தை அடையவும், அங்கே காத்திருக்கவும் எரிபொருள் சுமக்க வேண்டும். ஜெட் விமானங்களுக்குக் கடைசிக் கையிருப்பாக 30 நிமிட எரிபொருள் இருந்தாக வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. மாற்று நிலையமே இல்லாத தனித்த நிலையமானால், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இலக்கின் மேல் வந்து சேர்ந்த பிறகும் சாதாரண வேகத்தில் இரண்டு மணி நேரம் பறக்கத் தேவையான எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். மழையோ மேகமோ காற்றோ கலைவதற்குத் தரும் அவகாசம் அது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு நேர்த்தூரம் சுமார் 3,680 கிலோமீட்டர். போகும் வழியில் விமானம் நமீபியாவின் கடற்கரை ஊரான வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளும். ஜோகன்னஸ்பர்க்–வால்விஸ் பே 1,420 கிலோமீட்டர். வால்விஸ் பே–செயின்ட் ஹெலினா 2,260. கூட்டிப் பாருங்கள்: 3,680. உலக உருண்டையில் நூலைப் பிடித்தால் வால்விஸ் பே ஏறக்குறைய நூலின் மேலேயே விழுகிறது. அங்கே நிற்பதால் தூரம் கூடுவதே இல்லை, நேரம்தான் கூடுகிறது. இரண்டு முறை மேலேறி இரண்டு முறை இறங்குவதும், எரிபொருள் நிரப்பும் நேரமும் சேர்ந்து, ஐந்து மணி நேரத்தில் முடியக்கூடிய பயணத்தை ஆறு மணிக்கு மேல் இழுத்துவிடும். தூரக் கணிப்பான் இதைச் சொல்லாது.

எதற்காக இந்த நிறுத்தம்? வால்விஸ் பேயிலிருந்து கிளம்பும் விமானம் செயின்ட் ஹெலினாவுக்குப் போய், இறங்க முயன்று, முடியாமல், மீண்டும் வால்விஸ் பேக்கே திரும்பிவரும் அளவுக்கு எரிபொருளைச் சுமக்கிறது. டிக்கெட்டில் 2,260 கிலோமீட்டர். தொட்டியில் 4,500 கிலோமீட்டருக்கும் மேல். அந்த எடையைச் சுமக்க வேண்டுமானால் வேறு எடையைக் குறைக்க வேண்டும். சுமார் நூறு இருக்கைகள் கொண்ட அந்த விமானத்தில் சேவை தொடங்கிய 2017-இல் 76 பயணிகள் மட்டும் ஏற்றப்பட்டதற்கு இதுவும் ஓடுதளத்தின் நீளமும் காரணம். இருக்கை காலியாகத் தெரிந்தும் விற்க மாட்டேன் என்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். அந்தக் காலி இருக்கைதான் நீங்கள் திரும்பிவருவதற்கான எரிபொருள்.

திரும்பும் திசையில் இந்தச் சிக்கல் இல்லை. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றி மாற்று நிலையங்கள் பல இருப்பதால் அதே விமானம் நேராகவே பறந்துவிட முடியும். போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு அடுத்த விமானத்தைப் பதிவு செய்யாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொரு கணக்கும் சுவையானது. கடலுக்கு நடுவே ஏதாவது கோளாறு என்றால் முன்னே போவதா, பின்னே திரும்புவதா? எங்கிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சம நேரமோ அந்தப் புள்ளியை விமானிகள் கிளம்புமுன்பே குறித்துவைப்பார்கள். காற்று இல்லை என்றால் அது சரிபாதி. நம் இரண்டு தீவுகளுக்கு நடுவே 650 கிலோமீட்டர். காற்று இருந்தால் நகரும். செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனுக்குப் போகும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் பின்காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னோக்கிய வேகம் 900. திரும்பினால் வேகம் 760. மொத்தத் தூரமான 1,300-ஐத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையான 1,660-ஆல் வகுத்தால் 595 கிலோமீட்டர் வரும். பாதி வழிக்கு முன்பே, முன்னே போவதுதான் விரைவு என்றாகிவிடுகிறது. இருக்கைக்கு எதிரே உள்ள சிறு திரையிலோ உங்கள் கைப்பேசியிலோ விமானத்தின் இடத்தைப் பார்த்துக்கொண்டு பறப்பவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஓடுதளத்தின் கதை

விமான நிலையம் வருமுன் செயின்ட் ஹெலினாவுக்குக் கப்பல் ஒன்றே வழி. கிழக்கிந்தியக் கம்பெனி 1659 முதல் 1834 வரை இந்தத் தீவை ஆண்டது. சென்னைக் கோட்டையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் இங்கிலாந்து திரும்பிய கம்பெனிக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள நின்ற இடம் இது. 1815-இல் நெப்போலியனைக் கொண்டுவந்து வைக்க இதைத் தேர்ந்ததற்குக் காரணமும் இந்தத் தூரம்தான். கடைசியாக ஓடிய பயணக் கப்பலான ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா, கேப் டவுனிலிருந்து வந்துசேர ஐந்து இரவுகள் எடுத்தது. அசென்ஷனுக்கு 702 கடல் மைலை 15 நாட் வேகத்தில் கடந்தாலும் ஏறக்குறைய இரண்டு முழு நாள். 2018-இல் அந்தக் கப்பல் ஓய்வு பெற்றது.

மலையும் பள்ளத்தாக்குமான தீவில் சமதளம் அரிது. கிழக்கு ஓரத்தில் ப்ராஸ்பரஸ் பே ப்ளெய்ன் என்னும் மேட்டுநிலத்தைத் தேர்ந்து, ஓடுதளத்தின் நீளம் போதாமல் அருகிலிருந்த ஒரு பள்ளத்தாக்கையே பாறையும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். பிரிட்டிஷ் அரசு கொடுத்த தொகை 28.5 கோடி பவுண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 310 மீட்டர் உயரத்தில், கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைச்சரிவின் விளிம்பில் ஓடுதளம் நிற்கிறது. தென்கிழக்கிலிருந்து ஆண்டு முழுதும் வீசும் வியாபாரக் காற்று இந்தச் சரிவுகளிலும் மேடுகளிலும் மோதி, மேலே எழும்பி, சுழன்று கீழே விழுகிறது. விமானம் தரையைத் தொடப்போகும் கடைசி நிமிடத்தில் காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும். 2016 ஏப்ரலில் ஒரு போயிங் 737-800 விமானத்தை வைத்துச் சோதித்தபோது வடக்கிலிருந்து இறங்கும் பாதையில் இந்த ஆபத்து தெளிவாகத் தெரிந்தது. அடுத்த மாதம் நடக்கவிருந்த திறப்பு தள்ளிப்போனது. அதைவிடச் சிறிய எம்ப்ராயர் விமானத்தோடு வழக்கமான சேவை தொடங்கியது 2017 அக்டோபர் 14 அன்று. அசென்ஷனுக்கான மாதாந்திரச் சேவை அடுத்த மாதமே வந்தது.

திறப்பு தள்ளிப்போனபோது பிரிட்டனில் அந்த நிலையத்தைப் பயனற்றது என்று எழுதித் தீர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடுமையான நோயாளி ஒருவரை ஐந்து இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிவது, சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஒரு தீவுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! ஒழுங்கான பயணிகள் சேவை தொடங்குவதற்கு முன்பே அந்த ஓடுதளத்திலிருந்து மருத்துவ விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன.

அசென்ஷனின் கதை நேர்மாறானது. இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அமைத்த தளம் அது. அங்கே ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடும் கடற்பறவை ஒன்றின் பெயரைத் தளத்துக்கு வைத்தார்கள். ஓடுதளம் 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அமெரிக்க விண்வெளி ஓடங்களுக்கு அவசரகால இறங்குமிடமாகக்கூட அது குறிக்கப்பட்டிருந்தது. 1982-இல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் விமானங்கள் இங்கிருந்துதான் தெற்கே பறந்தன. இவ்வளவு பெரிய தளம் 2017-இல் பள்ளம் விழுந்து பழுதானது. பிரிட்டனிலிருந்து ஃபாக்லாந்து போகும் வழியில் அங்கே இறங்கிக்கொண்டிருந்த பெரிய விமானங்கள் நின்றுபோயின. பழுதுபார்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில் சாதாரணப் பயணிக்கு அசென்ஷனின் முக்கியமான வான்வழி செயின்ட் ஹெலினாவிலிருந்து வரும் மாதாந்திர விமானம்தான். ஓடுதளம் நீளமாக இருக்கிறது என்று வரைபடத்தில் பார்ப்பது போதாது. இப்போது எந்த விமானத்துக்கு அது திறந்திருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கடிகாரம்

செயின்ட் ஹெலினாவும் அசென்ஷனும் ஆண்டு முழுதும் கிரீன்விச் நேரத்தையே பின்பற்றுகின்றன. இரண்டுக்கும் நடுவே கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் இரண்டு மணி நேரம் முன்னே. இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து போகும்போது, ஆறரை மணி நேரப் பயணம் அட்டவணையில் நாலரை மணி நேரம்போலத் தெரியும். வரும்போது இரண்டு மணி நேரம் கூடித் தெரியும். பறக்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ள, புறப்பாட்டையும் வருகையையும் முதலில் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு கழியுங்கள்.

பசிபிக்கில் இதைச் செய்யாவிட்டால் நாளே தவறிப்போகும். சமோவாவின் ஃபலியோலோ நிலையத்திலிருந்து அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சர்வதேசத் தேதிக்கோடு நடுவே போகிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதியையே சமோவா தன் நாட்காட்டியிலிருந்து நீக்கிக் கோட்டின் மறுபக்கம் வந்துவிட்டது. இரண்டு இடங்களின் கடிகாரத்திலும் மணி ஒன்றே; தேதி மட்டும் ஒரு நாள் வேறு. சனிக்கிழமை காலை கிளம்பினால் வெள்ளிக்கிழமை காலை இறங்குவீர்கள். தங்கும் அறையைச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தவர் வெள்ளி இரவு எங்கே படுப்பது?

நாட்காட்டியை விரித்துவைத்துக்கொண்டு

மாதாந்திர அசென்ஷன் சேவை இயங்கிவந்த முறை இது: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சனிக்கிழமை செயின்ட் ஹெலினாவுக்கு வரும் விமானம், மாதத்தில் ஒருமுறை அப்படியே அசென்ஷனுக்குப் போகும். இரவு அங்கே நிற்கும். ஞாயிறன்று செயின்ட் ஹெலினா வழியாகத் திரும்பும். ஆகவே செயின்ட் ஹெலினாவிலிருந்து அசென்ஷனைப் பார்க்கப் போகிறவருக்கு இரண்டே தெரிவுகள். ஓர் இரவு, அல்லது ஏறக்குறைய ஒரு மாதம். நான்கு நாள் தங்க வேண்டும் என்றால் அதற்கு இடமில்லை. பறக்கும் நேரம் இரண்டு மணி என்ற எண்ணை வைத்துக்கொண்டு பயணத்தைத் திட்டமிட முடியாது என்று தொடக்கத்தில் எழுதியது இதனால்தான்.

ஓர் இரவுக்காகப் போவதா? என் கருத்தைக் கேட்டால், இல்லை. அசென்ஷனில் கடலாமைகள் முட்டையிடும் கடற்கரை இருக்கிறது. மொட்டையாக இருந்த மலையுச்சியில் மனிதர் நட்டு வளர்த்த காடு இருக்கிறது. இரண்டையும் ஒரு மாலையிலும் ஒரு காலையிலும் பார்த்துவிட முடியாது. ஒரு மாதம் ஒதுக்க முடியாதவர்கள் தங்கள் விடுமுறை முழுதையும் செயின்ட் ஹெலினாவிலேயே கழிக்கலாம். மாதம் ஒதுக்க முடிந்தவர்கள் எந்தத் தீவில் முதலில் தங்குவது என்பதை விமானம் போகும் சனிக்கிழமையை வைத்துத் தீர்மானியுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவருக்கு ஜோகன்னஸ்பர்க் வரை போவதே இரண்டு கட்டம். துபாயிலோ தோஹாவிலோ மாற வேண்டியிருக்கும். அந்தச் சனிக்கிழமை விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது நாளை வராது. ஆகவே வியாழக்கிழமைக்குள் ஜோகன்னஸ்பர்க் சேர்ந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமையைச் சும்மா விடுங்கள். லக்கேஜ் ஒரு நாள் தாமதமாக வந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை காப்பாற்றும். ஊருக்குள் தங்குவதால் தென்னாப்பிரிக்க விசா வேண்டும், அதுவும் திரும்பும்போதும் உள்ளே வர முடிகிற விசா. தென் கோடைக்காலத்தில் கேப் டவுனிலிருந்தும் செயின்ட் ஹெலினாவுக்கு விமானங்கள் இயக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தேதிக்கு அது இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நாள் தேர்வு கொஞ்சம் விரியும்.

அசென்ஷனுக்கு முன் அனுமதி கட்டாயம். அது ராணுவத் தளமும் தொலைத்தொடர்பு நிலையங்களும் உள்ள தீவு. போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. அனுமதி வந்த பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். செயின்ட் ஹெலினாவில் நுழைய, விமானத்தில் வெளியேற்றிச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும். பாலிசியில் அந்த வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் மருத்துவமனைச் செலவு மட்டும் இருக்கும். தீவில் உள்ள மருத்துவமனையால் முடியாத நோய் என்றால் விமானம்தான் செலவு.

திரும்பும் பயணத்தில் இன்னும் கவனம் வேண்டும். தாழ்ந்த மேகமோ காற்றோ வந்தால் செயின்ட் ஹெலினா விமானம் ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும், தள்ளிப்போகும். விமானம் தீவுக்கு வந்து, இறங்க முடியாமல், வால்விஸ் பேக்குத் திரும்பிப் போய், மறுநாள் மீண்டும் வரலாம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து இந்தியா வரும் டிக்கெட்டைத் தனியாக வாங்கியிருந்தால், தீவு விமானம் தாமதமானதற்கு அந்த இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பதிவில் எல்லாக் கட்டங்களும் வரும்படி வாங்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டு இரவு இடைவெளி விடுங்கள். தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். தினசரி மருந்து சாப்பிடுகிறவர்கள் திட்டமிட்ட நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். செயின்ட் ஹெலினா பவுண்டு நோட்டுகள் இந்த இரண்டு தீவுகளுக்கு வெளியே செல்லாது. விமானத்துக்கு முந்தைய வேலை நாளிலேயே வங்கியில் கொடுத்துப் பிரிட்டிஷ் பவுண்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மதிப்பு ஒன்றுக்கு ஒன்று.